மூணு எட்டான வழக்கு

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகிற ரோட்டில், காட்டூருக்குப் பிரியும் முக்கில், எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம் அரசாங்கம் ஒரு கேமராவைக் கொண்டுவந்து நிறுத்தியது. கேமராவுக்கு மூன்று கால், ஒரு கண், தலைக்கு மேலே ஓலைக் கொட்டகை. கொட்டகைக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு சங்கிலி. சங்கிலியில் ஒரு பலகை தொங்கியது: 'கடலோர வாகன எண் நிழற்படக் கண்காணிப்புப் பிரிவு. நில். ஆடாதே.'

பழவேற்காடு ஏரி வழியாக வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் டிரான்சிஸ்டரும் வந்து இறங்குவதாக மேலிடத்துக்குத் தகவல் போயிருந்தது. தகவல் சரிதான். அவை படகில் வந்து, படகிலேயே கால்வாய் வழியாக மெட்ராசுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் படகுக்கு நம்பர் பிளேட் கிடையாது. நம்பர் இல்லாததைக் கண்காணிக்க விதியில் இடமில்லை. ஆகவே நம்பர் இருக்கிற வண்டிகளைக் கண்காணிப்பது என்று முடிவெடுத்தார்கள்.

திறப்பு விழாவுக்கு சாமியானா போட்டிருந்தது. பிரிவின் துணை இயக்குநர் ஏகாம்பரநாதன் மைக்கைப் பிடித்தார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கனம்.

"இந்தக் கேமரா யாருக்கும் எதிரானது அல்ல. நேர்மையானவர்களின் பாதுகாப்புக்காகவே நேர்மையானவர்கள் எல்லோரையும் படம் பிடிக்கப்போகிறோம். கடத்தல்காரர் யாரென்று நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரை மட்டும் பிடித்துவிட்டுப் போயிருப்போம். தெரியாததால்தான் எல்லோரையும் சந்தேகிக்கிறோம். சாதி மதம் பார்க்காமல் சந்தேகிக்கிற ஒரே இலாகா நம்முடையது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். சங்கிலிக்கு அந்தப் பக்கம் தன் டெம்போவில் உட்கார்ந்திருந்த கோட்டைக்குப்பத்து லோகநாதனும் தட்டினார். தட்டினால் சீக்கிரம் விடுவார்கள் என்று நினைத்தார்.

லோகநாதனுக்கு நாற்பத்தெட்டு வயசு. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இடுப்பு பிடித்துக்கொண்டதால் கரைக்கு வந்து, பழைய மூணு சக்கர டெம்போ ஒன்றை வாங்கி, தினம் காலையில் எறா கூடைகளை ஏற்றிப் பொன்னேரி ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்குவார். வண்டி நம்பரின் கடைசி நாலு எண் 1473. அந்த நம்பரைப் பற்றி அவர் அதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை. தன் காதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

கேமராவை இயக்கியவர் சாலமன். முன்பு கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். பழக்கம் விடவில்லை. "வண்டி கொஞ்சம் லெப்ட்ல. முகத்தைத் தூக்குங்க. ஆங்... அப்படியே," என்று சொல்லித்தான் பட்டனை அமுக்குவார். ஓடுகிற வண்டியைப் படம் பிடித்தால் நம்பர் கலைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வண்டியும் சங்கிலிக்கு முன்னால் நின்று, இன்ஜினை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு சுருளில் முப்பத்தாறு படம். ஒரு நாளைக்கு ஒரு சுருள். முப்பத்தாறாவது வண்டி போனதும் சாலமன் சங்கிலிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். முப்பத்தேழாவது வண்டி மறுநாளின் முதல் வண்டி.

முதல் ஒரு மாதம் ஜனங்களுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. பொன்னேரி பஸ் சங்கிலிக்கு வரும்போது பெண்கள் தலையை வாரிக்கொண்டார்கள். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டு வந்தார். கொட்டகைக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்த மக்பூல் பாய், காத்திருக்கிறவர்களுக்காக இன்னொரு பெஞ்சு போட்டார். லோகநாதன் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சாலமன் அண்ணே, எங்க ஊட்டுல ஒரு காப்பி கேக்குது. கல்யாணத்துக்கப்பால நான் போட்டோவே புடிச்சுக்கல. கெடைக்குமா?"

"ஐயோ, அது அரசாங்க ரகசியம்ணே."

"என் மூஞ்சிதானேண்ணே?"

"இருக்கலாம்ணே. படம் பிடிச்சதுக்கு அப்பால அது உங்க மூஞ்சி இல்ல."

பங்குனியில் ஒரு சுற்றறிக்கை வந்தது: வாகன எண் என்பதில் வாகனத்தில் அமர்ந்திருப்போரும் அடக்கம். அன்றிலிருந்து பஸ்ஸின் ஜன்னல் பக்கத்தையும் எடுத்தார்கள். சித்திரையில் இன்னொன்று வந்தது: சைக்கிளுக்கும் தகரத்தில் எண் தேவை. சைக்கிள் இல்லாமல் நடந்துபோகிறவர்களைப் பற்றி இலாகா ஆலோசித்துக்கொண்டிருப்பதாக மக்பூல் பாய் கேள்விப்பட்டார்.

இதில் லோகநாதனுக்கு மட்டும் உள்ளூர ஒரு உறுத்தல் இருந்தது.

அவருடைய ஒரே மகள் பொன்னியம்மாள், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டூரில் நெல் பயிரிடுகிற சகாதேவன் என்ற பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வேற சாதி. குப்பத்து நாட்டார் ஆதிநாராயணன் பஞ்சாயத்தைக் கூட்டித் தள்ளிவைத்தார். குப்பத்தில் எவரும் அவள் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது; மிதித்தால் மிதித்தவருக்கும் அதே தீர்ப்பு. பெற்றவள் முனியம்மா அன்று சபையில் எழுந்து, "எனுக்குப் பொண்ணே பொறக்கல"னு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். லோகநாதன் வாயே திறக்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு செவ்வாயும், பொன்னேரியில் எறாவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, முக்கில் வண்டியைக் காட்டூர் பக்கம் திருப்பிவிடுவார். ஒரு பையில் மடவையோ நெத்திலியோ இருக்கும். அரை மணி நேரம் மகளோடு உட்கார்ந்திருப்பார். பேச்சு அதிகம் இருக்காது. "நல்லா கீறியா?" "கீறேன் நைனா." அவ்வளவுதான். இப்போது பொன்னி முழுகாமல் இருந்தாள். நாலு மாசம்.

இந்த விஷயம் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. முக்கியமாக முனியம்மாவுக்குத் தெரியாது.

வைகாசியில் பழுப்பு உறையில் ஒரு கடுதாசி வந்தது. மக்பூல் பாய்தான் படித்துச் சொன்னார்.

"தேடப்படும் வாகனம் 1478-ஐ ஓட்டிவரும் தாங்கள், பொன்னேரியில் உள்ள பிரிவு அலுவலகத்தில் ஆஜராகவும்னு போட்டுகீது லோகு."

"நம்ம வண்டி எழுபத்தி மூணு ஆச்சே பாய்."

"அத்த அங்க போய் சொல்லு. வெள்ளைச் சட்டை போட்டுகினு போ."

பொன்னேரி அலுவலகத்தில் ஏகாம்பரநாதனின் மேஜைமேல் ஒரு மேடு நிறையப் படங்கள் இருந்தன. சுருள்கள் மெட்ராசுக்குப் போய், கழுவி, பிரதி எடுத்து, திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். அதனால் அந்த அலுவலகத்தில் எப்போதும் இரண்டு மாதத்துக்கு முந்தைய நாளே நடந்துகொண்டிருந்தது. வெளியில் அக்கினி வெயில் கொளுத்தியது. உள்ளே பங்குனி மாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது உம் வண்டியா?" என்று ஒரு படத்தை நகர்த்தினார் அதிகாரி.

லோகநாதன் குனிந்து பார்த்தார். அவருடைய வண்டிதான். உள்ளே அவருடைய மூஞ்சிதான், மூச்சைப் பிடித்தபடி. நம்பர் பிளேட்டில் மூன்றின் திறந்த பக்கத்தில் ரெண்டு மடவைச் செதில் ஒட்டிக் காய்ந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, மூன்றை அழகாக எட்டாக்கியிருந்தன.

"அது செதிலு சார்! மடவைச் செதிலு. கூடைய எறக்கச் சொல்ல ஒட்டிகிச்சு. வண்டி வெளிய கீது, வந்து பாருங்க சார், மூணுதான்."

ஏகாம்பரநாதன் நாற்காலியிலிருந்து அசையவில்லை.

"வண்டியைப் பார்ப்பது என் வேலை அல்ல. படத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. வண்டியை நேரில் பார்த்தே முடிவு செய்யலாம் என்றால் அரசாங்கம் கேமரா எதற்கு வாங்கியது?"

"அந்த எழுவத்தெட்டு யாரு வண்டி சார்?"

"இரண்டு வருஷத்துக்கு முன் கைக்கடிகாரத்தோடு பிடிபட்ட ஒரு வேன். கைப்பற்றி, நம் அலுவலகப் பின்கட்டில் நிறுத்தியிருக்கிறோம்."

ஜன்னலுக்கு வெளியே லோகநாதன் பார்த்தார். வேப்பமரத்தடியில், நாலு செங்கல் அடுக்கின்மேல், சக்கரம் இல்லாமல் ஒரு வேன் நின்றது. கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

"தோ கீதே சார் எழுவத்தெட்டு!"

அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "அது நிற்கிற வண்டி. நாங்கள் தேடுவது ஓடுகிற வண்டி. நிற்கிற வண்டியைத் தேடி என்ன பிரயோசனம்?"

"ஒரே நம்பர் ரெண்டு எடத்துல எப்படி சார் இருக்கும்?"

"அதைத்தான் நானும் உன்னைக் கேட்கிறேன்."

லோகநாதனுக்கு உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை. நின்றபடியே வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மொத்தம் நாற்பத்தொரு படம்," என்று அதிகாரி தொடர்ந்தார். "எறா ஏற்றிப் போகிறாய், சரி. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் காலையில் முக்கைத் தாண்டிப் பொன்னேரிக்குப் போகிறாய், திரும்பும்போது உன் படம் ஒன்றரை மணி நேரம் பிந்திப் பதிவாகிறது. மற்ற கிழமைகளில் அப்படி இல்லை. அந்த நேரத்தில் எங்கே இருந்தாய்?"

"சொம்மா... காத்து வாங்கினு இருந்தேன் சார்."

"செவ்வாய் தோறும் காற்று வாங்கினாய். எந்தக் காற்று? வாடையா, கச்சானா?"

கடலில் இருபத்தஞ்சு வருஷம் காற்றோடு பழகினவர் அவர். இப்போது வாடை என்று ஆரம்பித்து, கச்சான் என்று மாற்றி, மறுபடியும் வாடை என்றார்.

"தவறு செய்யாதவன் ஏனப்பா தடுமாறுகிறான்?" என்று கனிவாகக் கேட்டார் ஏகாம்பரநாதன். "என்னைப் பார். என் வாழ்க்கையில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. காலை பத்து மணிக்கு வருகிறேன், ஐந்து மணிக்குப் போகிறேன். இடையில் எதுவும் செய்வதில்லை."

பிறகு இன்னொரு படத்தை எடுத்தார். "அந்த முக்கில் சந்தேகப்படும்படி இறங்குகிற இன்னொரு ஆள். பொன்னேரி பஸ், ஜன்னலோரம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். உங்கள் குப்பத்துப் பெண் என்று கண்டக்டர் சொல்கிறார். யார் இது?"

லோகநாதன் பார்த்தார். ஜன்னலில் தலையை முக்காடிட்டு, மடியில் துணி சுற்றிய ஒரு தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் அணைத்தபடி, கேமராவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் முனியம்மா.

வெள்ளிக்கிழமைகளில் பொன்னேரிக்கு முருகன் கோயிலுக்குப் போவதாகத்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முருகனுக்கு எதற்குத் தூக்குச்சட்டி? அதுவும் அந்தச் சட்டி. சுறாப்புட்டுக்கென்றே வைத்திருக்கிற சட்டி. பொன்னிக்குச் சின்ன வயசிலிருந்து சுறாப்புட்டு என்றால் உசுரு.

லோகநாதன் படத்தைக் கிட்டத்தில் இழுத்து இன்னொரு தரம் பார்த்தார். வந்தது சிரிப்பா அழுகையா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"யார் இது? தெரியுமா?"

"தெரியாது சார்," என்றார், இருபத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தின மனிதர். "இந்தப் பொம்பளைய நான் பாத்ததே இல்ல."

விசாரணை முடிவில் அவருக்கு நாற்பத்தொரு தாள் கொடுத்தார்கள். பெயர்: பயண நோக்க விளக்கப் படிவம். ஒரு பயணத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஊர்த் தலைவரின் கையெழுத்து வேண்டும். நோக்கம் என்ற இடத்தில் பன்னிரண்டு காரணம் அச்சிட்டிருந்தது. உறவினர் சாவு இருந்தது. நீர்க்கடுப்பு இருந்தது. மகளைப் பார்ப்பது மட்டும் இல்லை.

"இதுல இல்லாத காரணம்னா சார்?"

"'இதர' என்று குறிக்கலாம். 'இதர' என்று குறித்தவர்கள்மேல் தனி விசாரணை."

வீட்டுக்கு வந்தபோது முனியம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தூக்குச்சட்டிப் பெண், கோட்டைக்குப்பம்' என்ற விலாசத்தில் அவளுக்கும் ஒரு பழுப்பு உறை வந்திருந்தது. அதைப் பிரிக்காமல் பானைக்கடியில் சொருகியிருந்தாள். லோகநாதன் அதைப் பார்த்தார். அவர் கையிலிருந்த படிவக் கட்டை அவள் பார்த்தாள்.

"இன்னாய்யா அது?"

"ஒன்னுமில்ல. எறா சமாச்சாரம். அது இன்னாது?"

"கோயில் சமாச்சாரம்."

இரண்டு பேரும் சோறு தின்றார்கள். குழம்பில் உப்பு இல்லை. அதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

பிறகு தெரிந்தது, குப்பத்திலும் பழவேற்காட்டிலும் அந்த வாரம் பழுப்பு உறை வராத வீடே இல்லையென்று. ஏகாம்பரநாதனின் மேஜைமேல் இருந்த படங்கள் எல்லோரையும் தொட்டிருந்தன; யார் எங்கே இறங்கினார் என்பதைக் கண்டக்டர் சொல்லியிருந்தார். மக்பூல் பாயின் மச்சினி ஜொஹரா, உடம்பு சரியில்லாத பெரியம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆறு மாதமாகப் பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். விரதம் இருப்பவர் என்று பெயரெடுத்த ஒருவர் மிலிட்டரி ஓட்டல் வாசலில் இறங்கியிருந்தார். ஒருத்தரும் கடத்தவில்லை. ஆளுக்கு ஒரு ரகசியம் இருந்தது. கைக்கடிகாரம்தான் எவரிடமும் இல்லை.

உறைகளில் வந்த படிவங்களில் கையெழுத்து வாங்க எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலை குப்பத்து நாட்டாரிடம் போனார்கள். ஆதிநாராயணன் கண்டிப்பானவர். குப்பத்தில் சினிமாவைத் தடை செய்தவர். பார்த்தால் பொம்பளைங்க கெட்டுப்போவார்கள் என்பது அவர் கட்சி. கடற்கரை மணலில் சபை கூடியது. நாட்டாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் மக்பூல் பாயை வரவழைத்து ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கச் சொன்னார்கள்.

பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே இருந்த தாளை எடுத்தார்.

"லோகநாதன். செவ்வாய்க்கிழமை. காட்டூர் முக்கு. ஒன்றரை மணி நேரம். நோக்கம்..." நிறுத்தினார். "எழுதல."

சபை லோகநாதனைப் பார்த்தது. காட்டூரில் இருப்பது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். லோகநாதன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளிவைத்தால் வலை கிடையாது, படகில் இடம் கிடையாது, சாவுக்குத் தோள் கொடுக்க ஆள் கிடையாது. காது ரெண்டும் சூடாக இருந்தது. பயத்தைவிட இன்னொன்றுதான் அதிகமாகக் குத்தியது: அந்த அரை மணி நேரம் அவருடையது. உலகத்தில் அது ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. அதை ஒரு தாளில் ஒட்டி, சந்தையில் மீன் மாதிரி எல்லார் முன்னாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்களே!

"அடுத்தது," என்றார் பாய் அவசரமாக. "முனியம்மா. வெள்ளிக்கிழமை. காட்டூர் முக்கு."

லோகநாதன் தலையைத் தூக்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து முனியம்மா எழுந்து நின்றாள்.

"ஆமா, போனேன்," என்றாள். "பெத்தவ போவாம வேற யாரு போவா? வயித்துல புள்ளைய வெச்சுகினு அது புட்டு புட்டுன்னு ஏங்குது. இன்னா பண்ணுவீங்க, பண்ணுங்க." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ செவ்வாக்கிழமையா? அந்தக் கழுத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! ஊட்டுல நெத்திலி எப்படி வந்துச்சுன்னு கேட்டா, பக்கத்தூட்டு அக்கா குட்த்துச்சுன்னு சொல்லிச்சு!"

"எங்கிட்ட சுறாப்புட்ட அந்த அக்காதான் செஞ்சுதுன்னு சொல்லிச்சு," என்றார் லோகநாதன்.

சபையில் யாரோ சிரித்துவிட்டார்கள். நாட்டார் துண்டை உதறினார். "சிரிக்கிற சமாச்சாரம் இல்ல இது. கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான். ரெண்டு பேரும் குப்பத்து சொல்ல மீறினதால..."

"நாட்டாரே, ஒரு நிமிசம்," என்றார் மக்பூல் பாய். அடுத்த தாள் அவர் கையில் இருந்தது. படிப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தார். படிக்கச் சொல்லித்தானே கூப்பிட்டார்கள்? "ஆதிநாராயணன். வியாழக்கிழமை தோறும். பொன்னேரி பஸ். இறங்கிய இடம், சினிமாக் கொட்டகை. மேட்னி."

காற்று வீசியது. அலைச் சத்தம் கேட்டது. தனக்கு வந்த உறையை நாட்டார் பிரித்துப் பார்க்காமலே கட்டோடு சேர்த்துவிட்டிருந்தார்.

நாட்டார் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். மறுபடியும் போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் தீர்ப்புச் சொல்லிப் பழகிய மூளை அது. சீக்கிரமே வழி கண்டுபிடித்தது.

"தபாருங்க," என்றார். "நாம தண்ணில பொழைக்கிறவங்க. நமக்கு ரோட்டுல இன்னா வேல? ரோட்டுல போனதாலதான் இவ்ளோ பேஜாரு. இன்னிலேர்ந்து குப்பத்து சனம் ரோட்ட மிதிக்கக் கூடாது. எங்க போனாலும் படகுதான். கால்வா வழியா காட்டூரும் போலாம், மெட்ராசும் போலாம், ஆத்தப் புடிச்சா பொன்னேரியும் போலாம். தண்ணில எவன் எங்க போறான்னு எவனும் கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன்."

"பொன்னி சமாச்சாரம்?" என்று ஒருவர் இழுத்தார்.

"வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுதான தீர்ப்பு? அது ரோட்டுப் பக்கத்து வாசப்படி. பின்பக்கம் படித்தொறையில எறங்கினா அதுக்கும் தீர்ப்புக்கும் இன்னா சம்பந்தம்?"

எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. படிவங்களை மக்பூல் பாய் வாங்கிக்கொண்டார். கடையில் பஜ்ஜி கட்டித்தர அவருக்குத் தாள் தேவைப்பட்டது.

லோகநாதன் டெம்போவைப் பனைமரத்தடியில் நிறுத்தி, கித்தானால் மூடினார். எறாவைப் படகில் ஏற்றினார். ஒரு மணி நேர வேலை அரை நாள் ஆயிற்று. கழி ஊன்றி ஊன்றி இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் ஒருவரும் ஆடாதே என்று சொல்லவில்லை. பழவேற்காட்டுக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். ஜொஹரா படகில் உட்கார்ந்து மடியில் விரல்களைத் தட்டிப் பழகிக்கொண்டு போனாள். ஆட்டுக்காரர் ஆடுகளைப் படகில் ஏற்றினார். ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் நாதஸ்வரத்தோடு படகில் போயிற்று. நாட்டார் வியாழக்கிழமைகளில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தனிப் படகில் போனார்; யாரும் கேட்கவில்லை.

ரோடு காலியானது. பொன்னேரி பஸ் டிரைவரும் கண்டக்டருமாகப் போய் டிரைவரும் கண்டக்டருமாகத் திரும்பியது. மற்ற முப்பத்து நாலு படத்துக்கு ஆளில்லாமல் சாலமன் ஒரு கொக்கையும், மக்பூல் பாயின் காலி பெஞ்சையும், மேகத்தையும் எடுத்தார். இரண்டு மாதம் கழித்து அந்தப் படங்களைப் பார்த்த ஏகாம்பரநாதனுக்கு மேலதிகாரிகளிடமிருந்து பாராட்டு வந்தது. அவர் அனுப்பிய அறிக்கையில் இப்படி இருந்தது: 'வாகனங்களே இல்லாததால் வாகனக் கடத்தல் முற்றிலும் ஒழிந்தது. தேடப்படும் வாகனம் 1478 அச்சத்தால் தலைமறைவாகிவிட்டது.' அதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே கோழி முட்டையிட்டுவிட்டுக் கத்தியதாகச் சொல்வார்கள்.

ஆவணி மாதம் ஒருநாள் காலை, கால்வாயில் லோகநாதனின் படகை ஒட்டி இன்னொரு படகு வந்தது. அதில் கடிகார வேலு நின்றுகொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் அவனைத் தெரியாதவர்கள் இலாகாக்காரர்கள் மட்டும்தான். படகில் கித்தானுக்கடியில் பெட்டிகள். முகத்தில் கவலை.

"லோகுண்ணே, இன்னாண்ணே இது? முன்னல்லாம் இங்க நானும் நீர்க்காக்காவும்தான். இப்ப திரும்பின பக்கமெல்லாம் சனம். நேத்து ஒரு பொம்பள, 'தம்பி, பெட்டில இன்னா, மாம்பழமா'னு கேக்குது. நேர்மையா தொழில் பண்ண முடியலண்ணே."

"நான் இன்னா பண்றது வேலு? ரோட்டுல எங்கள உடல."

"ரோட்டுல கூட்டம் எப்படி கீது?"

"ரோட்டுலயா? ஒரு காக்கா இல்ல."

வேலு யோசித்தான். அந்த வாரமே ஒரு வேன் வாங்கினான். நம்பர் பிளேட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினான், பூ வைத்தான். தினம் காலை ஒன்பது மணிக்குச் சங்கிலிக்கு முன்னால் வந்து நின்று, இன்ஜினை அணைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, சாலமன் சொன்ன பக்கம் சிரித்தான். கொக்கைப் படம் பிடித்துச் சலித்திருந்த சாலமனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே வண்டியைப் பல கோணத்தில் முப்பத்து நாலு படம் எடுத்தார். எல்லாவற்றிலும் நம்பர் முத்து முத்தாகத் தெரிந்தது. நம்பர் தெரிந்ததால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஐப்பசியில் அந்த முக்கில் மறுபடியும் சாமியானா போட்டார்கள். சிறந்த ஒத்துழைப்பு நல்கிய வாகன உரிமையாளருக்குப் பாராட்டு விழா. போட்டியே இல்லை. பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஜனங்கள் எல்லாரும் தண்ணீரில் இருந்தார்கள். ஆனால் ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. கால்வாய் முழுக்கக் கேட்டது.

அன்று லோகநாதனும் முனியம்மாவும் ஒரே படகில் காட்டூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பொன்னிக்குக் குழந்தை பிறந்து ஐந்தாம் நாள். முனியம்மாவின் மடியில் பிள்ளை பெற்றவளுக்கான கருவாட்டுக் குழம்பு. அவள் செவ்வாய், வெள்ளி என்று கிழமை பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

ஏகாம்பரநாதனின் குரல் தண்ணீர்மேல் மிதந்து வந்தது.

"...திரு. வேலு அவர்களைப் போல ஒரு குடிமகன் இந்தச் சாலையில் மிஞ்சியிருப்பதே நம் பிரிவின் சாதனை. மற்றவர்கள் எங்கே? தெரியவில்லை. தெரியாதவர்களை நான் சும்மா விடப்போவதில்லை. அவர்களும் ஒருநாள் இவரைப் போல் ஆவார்கள். இன்று அவர் அன்போடு எனக்கு அணிவித்த இந்தக் கைக்கடிகாரம், மக்கள் இந்த இலாகாமேல் வைத்திருக்கும் நம்பிக்கையின் அடையாளம்..."

ஒருவர் மட்டும் கைதட்டுகிற சத்தம் கேட்டது. சாலமனாக இருக்கும்.

"யாரத் தேடறாராம்?" என்று கேட்டாள் முனியம்மா.

"நம்மளத்தான்."

அவள் ஒலிபெருக்கி இருந்த திசையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குழம்புச் சட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தேடட்டும். நீ பேச்ச வுட்டுட்டுக் கழிய ஊணுய்யா. கொழந்த முழிச்சுகினு இருக்கச் சொல்ல போவணும்."

லோகநாதன் கழியை ஊன்றினார். வளைவு தாண்டியதும் ஒலிபெருக்கிச் சத்தம் நின்றுபோயிற்று. தூரத்தில் படித்துறையில் சகாதேவன் கையை ஆட்டிக்கொண்டு நின்றான்.